பனியா, மேகமா?

கோடையில் மழைக்காலம் தொடங்கும் முன்பே வட இந்தியாவின் பக்ரா அணைக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். சட்லெஜ் ஆற்றின் மேல்பகுதியில், இமயமலை உச்சிகளில் உருகும் பனிதான் அது. இந்தப் பருவத்தில் எவ்வளவு நீர் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால், பாசனத்துக்கும் மின் உற்பத்திக்கும் திட்டமிடலாம்.

ஆனால் ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் மலைமலையாக ஏறிப் பனியை அளக்க முடியுமா? அந்த வேலையைச் செயற்கைக்கோள்கள் செய்கின்றன. 1999-இல் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளின் மோடிஸ் கருவி, உலகின் பனிப்பரப்பை 500 மீட்டர் நுணுக்கத்தில் படமாக்கியது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மேலிருந்து பார்த்தால் பனியும் வெள்ளை, மேகமும் வெள்ளை! எப்படிப் பிரித்தறிவது? நம் கண்ணுக்குத் தெரியாத குறுகிய அலை அகச்சிவப்புக் கதிர்கள் கைகொடுக்கின்றன. பெரும்பாலான மேகங்கள் இந்தக் கதிர்களை நன்றாகப் பிரதிபலிக்கும், பனியோ உறிஞ்சிக்கொள்ளும். அதனால் இந்த அலைவரிசையில் எடுத்த படத்தில் மேகம் வெளிச்சமாகவும் பனி கறுப்பாகவும் தெரியும்.

மேகம் மூடிய நாட்களில் ரேடார் செயற்கைக்கோள்கள் உதவுகின்றன. ரேடார் அலை மேகத்தை ஊடுருவிச் சென்று, உருகத் தொடங்கிய ஈரப்பனியை அடையாளம் காட்டிவிடும்.

பனிப்பரப்போடு அன்றாட வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆற்றில் வரப்போகும் நீரின் அளவை மதிப்பிடலாம். ஐதராபாத்தில் உள்ள தேசிய தொலை உணர்வு மையம், இமயமலை ஆறுகளுக்கு இத்தகைய கணிப்புகளைத் தயாரிக்கிறது.