தெமோதரை நிலையத்துக்கு அடியிலும் ரயில் ஓடுவது ஏன்?

இலங்கையின் மலைநாட்டில் பதுளைக்குப் போகும் ரயில் தெமோதரை நிலையத்தை விட்டதும் தேயிலைக் குன்றைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்தின் வழியே போகிறது. ஏன் இந்தச் சுற்று?

இரும்புச் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உராய்வு குறைவு. சரிவு கூடினால் ஏறும்போது சக்கரம் வழுக்கும். இறங்கும்போது வேகத்தை அடக்குவது கடினம். அதனால் மலைநாட்டுப் பாதையின் சரிவை 44க்கு 1 என்ற எல்லைக்குள் வைத்தார்கள். 44 அடி ஓடினால் 1 அடிதான் இறங்கலாம். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 23 மீட்டர்.

ஆனால் பட்டிப்பொலவில் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாதை, பதுளையில் 700 மீட்டருக்கும் கீழே வந்தாக வேண்டும். சரிவைக் கூட்ட முடியாவிட்டால் தூரத்தைத்தான் கூட்ட வேண்டும். நேரே நீட்ட இடமில்லாத தெமோதரையில் பாதையை வளைத்துத் தன் அடியிலேயே நுழைத்தார்கள். 1924இல் ரயில் பதுளையை எட்டியது.

கங்காணி ஒருவர் தலைப்பாகை சுற்றியதைப் பார்த்தே பொறியியலாளருக்கு இந்த யோசனை பிறந்தது என்பது ஊர்க்கதை. ஆனால் சுவிட்சர்லாந்தின் கொத்தார்ட் பாதையில் 1882இலேயே இப்படிச் சுற்றும் சுரங்கங்கள் இருந்தன.