சேற்றுக்குள் தாமரைக் கிழங்கு மூச்சு விடுவது எப்படி? இலைத்துளைகள் செய்யும் வேலை!

தாமரைத் தண்டை உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும். அது சும்மா இல்லை. குளத்தின் அடியில் புதைந்திருக்கும் கிழங்குக்குக் காற்று கொண்டுபோகும் பைப்லைனே அதுதான்.

குளத்துச் சேற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. மேலிருந்து காற்று வரவில்லை என்றால் கிழங்கு அழுகிவிடும். கிழங்கு போனால் மொத்தச் செடியும் போச்சு!

காற்றைத் தள்ளுவது யார்?

இலைதான். இலைக்குள் எப்போதும் ஈரம், அதனால் நீராவி அதிகம். வெளிக்காற்றில் நீராவி குறைவு. ஆக்சிஜன், நைட்ரஜனின் பங்கு அதிகம். எனவே இந்த வாயுக்கள் நுண்ணிய துளைகள் வழியாக உள்ளே ஊடுருவுகின்றன. துளைகள் மிகச் சிறியவை என்பதால், உள்ளே சேர்ந்த காற்று அதே வேகத்தில் திரும்பி வெளியேற முடியாது. அழுத்தம் ஏறுகிறது. வெயில் அடித்து இலை சூடானால் இன்னும் ஏறும்.

துளை பெரிதாக இருந்தால்? பஞ்சரான டியூப் கதைதான். அழுத்தம் நிற்காது.

அப்போ காற்று எங்கே போகும்?

தண்டு வழியாகக் கிழங்குக்கு இறங்கி, வேறு குழாய்களில் மேலேறி, இலையின் நடுவில் உள்ள வட்டத் தட்டு வழியே வெளியேறும். அங்கே இருப்பவை பெரிய இலைத்துளைகள்.

பிலிப் மேத்யூஸ், ரோஜர் சீமோர் இருவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த நடுத்துளைகள் காலையில் திறந்திருக்கும், நண்பகலில் மூடும், பிற்பகலில் மறுபடி திறக்கும். அவை மூடும் நேரத்தில் தண்டுக்குள் காற்று ஓடும் திசையே தற்காலிகமாக மாறுகிறது. அதாவது, தாமரை தன் வால்வைத் தானே திறந்து மூடுகிறது!

தாமரை மட்டும்தானா?

இல்லை. மஞ்சள் அல்லியின் ஒரே இலை ஒரு நாளில் 22 லிட்டர் வரை காற்றை உள்ளிழுப்பதை ஜான் டேசி 1980-லேயே பதிவு செய்தார். அதில் இளம் இலைகள் காற்றை உள்ளே தள்ளும். முதிர்ந்த இலைகள் வெளியே விடும். திரும்பி வரும் காற்றோடு சேற்றில் உருவாகும் மீத்தேனும் வெளியேறுகிறது.

வீட்டில் தொட்டித் தாமரை வளர்க்கிறீங்களா?

பழுத்த இலையை நறுக்கும்போது தண்ணீருக்கு மேலே நறுக்குங்க. தண்ணீருக்குள் வெட்டினால் குழாய்க்குள் நீர் புகுந்துவிடும். கிழங்குக்குப் போகும் காற்றுப் பாதையை நாமே அடைத்த மாதிரி ஆகிவிடும்.