பத்து கிலோமீட்டரில் நிற்காத புகை

நிலக்கரி அனல்மின் நிலையங்கள் வெளியிடும் கந்தக டை ஆக்சைடுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் உச்சவரம்பு விதித்தது. இரண்டே ஆண்டுகளில் நிறைவேற வேண்டிய அந்த விதி பலமுறை தள்ளிப்போய், 2025 ஜூலையில் பெரும்பகுதி தளர்த்தப்பட்டது. தலைநகர் வட்டாரத்துக்கோ பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் உள்ள அலகுகள் மட்டும் கந்தக நீக்கக் கருவியைக் கட்டாயம் பொருத்த வேண்டும். கடுமையாக மாசடைந்த பகுதிகளை ஒட்டியவை தனித்தனியே பரிசீலிக்கப்படும். எஞ்சிய சுமார் 78 சதவீதத்துக்குப் புகைபோக்கி போதிய உயரத்தில் இருந்தாலே போதும்.

நகரக் காற்றில் இந்த வாயு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது தளர்வுக்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். அது உண்மையே. ஆனால் இந்த வாயு வாயுவாகவே நீடிப்பதில்லை. சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து, யூரியா இட்ட வயல்களிலிருந்தும் மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் எழும் அம்மோனியாவுடன் சேர்ந்து அம்மோனியம் சல்ஃபேட் ஆகிறது. 2.5 மைக்ரானுக்கும் சிறிய இந்தத் துகள் நுரையீரலின் காற்றறைகள் வரை இறங்கும். மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிவகுக்கும். வாயு குறைந்துவிட்டது என்று கருவி காட்டும்போது, அதில் ஒரு பங்கு தூசியாக உருமாறியிருக்கிறது. அந்தத் தூசி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கும். உயரமான புகைபோக்கி பக்கத்து ஊரைக் காப்பாற்றிச் சுமையை அடுத்த மாவட்டத்தின் தலையில் இறக்குகிறது. நுண்துகளுக்கு இந்தியா அனுமதிக்கும் ஆண்டு சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 5. நம் தளர்வான வரம்பையே பல நகரங்கள் தாண்டும்போது, துகளின் மூலப்பொருளைக் கணக்கிலிருந்து விலக்குவது அறிவியலுக்குப் பொருந்தாது.

இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பதும் சரியே. ஆனால் அதன் வெப்பத்திறனும் குறைவு. ஒரே அளவு மின்சாரத்துக்குக் கூடுதலாக எரிக்க வேண்டியிருக்கிறது. 2007-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் சீனா நிலக்கரிப் பயன்பாட்டைக் கூட்டியபடியே இந்த வாயுவை சுமார் 75 சதவீதம் குறைத்ததையும், இந்தியாவின் வெளியீடு பாதியளவு கூடியதையும் 2017-இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு காட்டியது. சல்ஃபேட் சூரிய ஒளியைத் திருப்பிப் புவியைக் குளிர்விக்கிறதே என்ற வாதமும் உண்டு. மழையில் சில நாட்களில் கரைந்துபோகும் அந்தக் குளிர்ச்சிக்காக மக்களின் நுரையீரலைக் குடையாகப் பிடிக்க முடியாது. அதே நிலையம் வெளியிடும் கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும். கருவிக்குச் செலவு அதிகம் என்போர், பிள்ளைகளின் இழைப்புக்கும் முதியோரின் மருத்துவமனைப் படுக்கைக்கும் குடும்பங்கள் தரும் பணத்தையும் அதே கணக்கில் எழுதட்டும். அதுவரை, விலக்கு பெற்ற நிலையங்களின் காற்றுப்போக்கில் உள்ள ஊர்களில் சல்ஃபேட்டை அளந்து, அந்த அளவுகளை அரசு தொடர்ந்து வெளியிட வேண்டும்.