கலைச்சுப் போட்ட போட்டோவில் முகம் மறையுமா?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில, காந்தி சிலையையும் சுத்தி நிற்கிற தூண்களையும் போட்டோ எடுக்குறீங்க. சதுரமா வெட்டினா 512-க்கு 512 பிக்ஸல்னு வெச்சுக்குவோம். இப்போ இதைக் கோடு எழுதிக் கலைக்கணும்.

படத்தை நாலாப் பிரிங்க. மேல் இடது துண்டும் கீழ் வலது துண்டும் இடம் மாறட்டும். மேல் வலது, கீழ் இடதுக்கும் அதேதான். சிலை ரெண்டாப் பிளந்து ஓரத்துக்கு ஒண்ணாப் போயிடும். தலை கீழே, பீடம் மேலே. அடுத்து, ஒவ்வொரு துண்டுக்குள்ளேயும் இதே வேலை. ஒரு ஃபங்ஷன் தன்னையே திரும்பக் கூப்பிடுற இந்த வித்தைக்குப் பேர்தான் ரிகர்ஷன்.

நாலாவது சுற்றுல 32 பிக்ஸல் கட்டங்கள். கடல் எது, காந்தி எதுன்னே தெரியாது. 'ஆஹா, மறைச்சுட்டோம்'னு தோணும். நிறுத்தாம 9-வது சுற்று வரைக்கும் ஓட விடுங்க. ஒவ்வொரு துண்டும் ஒரே ஒரு பிக்ஸல் ஆகியிருக்கும். திரையில காந்தி பளிச்னு தெரிவார், என்ன, தலைகீழா! காரணம் சிம்பிள். எல்லா மட்டத்துலயும் முன்பாதியும் பின்பாதியும் மாறினதால முதல் வரிசை கடைசிக்கும், கடைசி வரிசை முதலுக்கும் போயிருக்கு. 180 டிகிரி திருப்பினது மட்டும்தான் மிச்சம். (நான் முதல்ல இதை பக்-னு நினைச்சு ஒரு மணி நேரம் தேடினேன்.)

இடம் மாத்தினா பிக்ஸல் அழியாது. இதை நம்பி ஏமாந்தவர் ஒருத்தர் உண்டு. குழந்தைகளைச் சீரழித்த படங்கள்ல தன் முகத்தை மட்டும் சுழல் மாதிரி முறுக்கி இணையத்துல போட்டிருந்தார். ஜெர்மன் போலீஸ் நிபுணர்கள் அதை எதிர்ப்பக்கம் முறுக்கி முகத்தை எடுத்தாங்க. 2007 அக்டோபர்ல இன்டர்போல் அதை வெளியிட்டுச்சு. அதே மாசம் தாய்லாந்துல ஆள் கைது.

குற்றவாளி மாட்டினது நல்லதுதான். ஆனா, நீங்க முறுக்கி மறைச்ச தோழியோட முகத்துக்கும் ஆதார் நம்பருக்கும் இதே கதிதான். போன்ல இருக்கிற ஹைலைட்டர் பேனாவும் வேண்டாம்; கறுப்பாத் தெரிஞ்சாலும் வெளிச்சத்தைக் கூட்டினா எழுத்து எட்டிப்பார்க்கும். முழுக் கறுப்புக் கட்டம் போட்டு, அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அந்தக் காப்பியை மட்டும் அனுப்புங்க. ஆதார்னா, கடைசி 4 எண் மட்டும் தெரியுற 'மாஸ்க்டு' ஆதாரை யுஐடிஏஐ தளத்துலயே டவுன்லோடு பண்ணலாம்.

கலைச்சுப் பார்க்க ஆசையா? 64-க்கு 64 படத்துல ஆரம்பிங்க. ஆறே சுற்றுல தலைகீழாகிடும். அதே கோடை இன்னொரு தடவை ஓட்டினா காந்தி நிமிர்ந்து நிற்பார்.