கோழிக்கு வேர்க்காது

சித்திரை பிறந்துவிட்டால் வ. புதுப்பட்டியில் உச்சிவேளைக்குத் தெருவில் கோழி மேய்வதைப் பார்ப்பது அரிது. வேப்பமர நிழல், தொழுவத்தின் ஈர மண், தென்னைக்கு நீர் பாய்ச்சிய வட்டப்பாத்தி என்று குளுமையான இடமாகப் பார்த்துப் போய்ப் படுத்துக்கொள்ளும். இறக்கையைச் சற்றே அகட்டி, அலகைத் திறந்து, தொண்டை துடிக்க மூச்சு வாங்கும். மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணெதிரே நின்றாலும் ஊர் இருப்பது மலையின் மழை மறைவுப் பக்கத்தில். கத்திரி வெயில் இங்கே கோழியையும் விட்டுவைப்பதில்லை.

கோழியின் உடல் வெப்பநிலை 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். நம்மைவிட நாலைந்து டிகிரி கூடுதல். அதன்மேல் இறகுப் போர்வை. தோலில் வியர்வைச் சுரப்பி கிடையாது. காற்று குளிர்ச்சியாக இருக்கும்வரை, கொண்டை, தாடி, கால் ஆகிய இறகில்லாத இடங்களுக்கு ரத்தத்தை அதிகமாக அனுப்பிச் சூட்டை வெளியேற்றிக்கொள்ளும். இறக்கையை அகட்டுவதும் அதற்காகத்தான். அக்குள் பகுதியில் இறகு குறைவு. காற்றின் வெப்பம் 40 டிகிரியை நெருங்கும்போது இந்த வழி அநேகமாக அடைபட்டுவிடும். உடம்புக்கும் காற்றுக்கும் வித்தியாசமே இல்லாதபோது சூடு எங்கே இறங்கும்? மிச்சமிருப்பது மூச்சு ஒன்றுதான். மூச்சுப் பாதையின் ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் வாங்கிக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான்.

சாதாரணமாக நிமிடத்துக்கு 30 தடவை போல மூச்சுவிடும் கோழி, வெயிலில் இரைக்கும்போது 150-ஐத் தாண்டிவிடும். அப்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. முட்டை ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. கார்பனேட்டுக்கு அந்த வாயு வேண்டும். அது குறைந்தால் ஓடு மெலிகிறது. கோடையில் முட்டை தொட்டாலே நொறுங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெளிவெயிலைப் பற்றிக் கவலைப்படும் நம்மில் பலரும் கோழியின் வயிற்றுக்குள் எரியும் அடுப்பை மறந்துவிடுகிறோம். தின்ற தீனி செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கிறது, அது சில மணி நேரம் நீடிக்கும். காலை பத்து, பதினொரு மணிக்குக் கம்போ சோளமோ அள்ளிப் போட்டால், உள்சூடும் வெளிச்சூடும் பிற்பகலில் ஒன்றாகச் சேர்ந்து கோழியை வாட்டும். பாசத்தில் செய்யும் காரியம்தான், ஆனால் அந்த நேரத்தில் வேண்டாம். விடிகாலையில் கூட்டைத் திறந்ததும் ஒருமுறை, வெயில் சாய்ந்தபின் ஒருமுறை தீனி வைத்தால் போதும். கோடைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

தண்ணீர் எந்நேரமும் நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் சூடேறிய தண்ணீரைக் கோழி அவ்வளவாகக் குடிக்காது. அகலமான மண்சட்டிகளை நாலைந்து இடங்களில் வைத்து, மதியம் ஒருமுறை மாற்றி ஊற்றுவது நல்லது. கால் நனைய நிற்கும்படி ஒரு தாம்பாளத்தில் ஆழமில்லாமல் தண்ணீர் வைத்தால் காலின் வழியாகவும் சூடு இறங்கும். தகரக் கூரை போட்ட கூட்டின்மேல் தென்னங்கீற்றைப் பரப்பிவிடுங்கள். இந்தப் பக்கம் கீற்றுக்குப் பஞ்சமில்லை. பக்கங்கள் திறந்து காற்றோட்டம் இருக்க வேண்டும். காற்றுப் புகாத கூட்டுக்குள் தண்ணீர் தெளித்தால் புழுக்கம் ஏறும், மூச்சின் ஈரம் ஆவியாகாமல் கோழி இன்னும் திணறும்.

பண்ணைக் கறிக்கோழியைவிட நம் சிறுவிடை நாட்டுக்கோழி வெயிலைத் தாங்கும். அதன் உடம்பு சிறியது, எடைக்குத் தோலின் பரப்பு கூடுதல், வளர்ச்சியும் மெதுவானது. கழுத்தறுத்தான் கோழி அதையும் மிஞ்சும். கழுத்தில் இறகே இல்லாத அந்தக் கோழியை அழகில்லை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அது வெயிலுக்கென்றே பிறந்த கோழியாகத் தெரிகிறது. கழுத்தில் இறகில்லாததற்கு ஒரே ஒரு மரபணுதான் காரணம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது வந்த கோழிக்கு உடம்பு முழுவதும் சேர்த்து இறகு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருக்கும். ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிலையத்து விஞ்ஞானிகள் 2011-இல் அந்த மரபணு மாற்றத்தை அடையாளம் கண்டார்கள்.

அடைக்கு எடுத்துவைக்கும் முட்டையிலும் கவனம் வேண்டும். வெப்பம் 27 டிகிரிக்கு மேலே போனாலே கோழி அமராமலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பிறகு செத்துப்போகலாம். ஈர மணலின் மேல் ஒரு சட்டியை வைத்து, அதில் முட்டைகளைச் சேர்த்துவையுங்கள்.

தண்ணீரை அதிகம் குடிப்பதால் கோடையில் எச்சம் நீர்த்துப் போவது இயல்பு. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தும் திருகிக்கொண்டால் அது வெயிலால் வந்ததல்ல, வெள்ளைக்கழிச்சல் நோயாக இருக்கலாம். அந்தக் கோழியை உடனே தனியே பிரித்துப் பஞ்சாரத்தில் அடைத்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். வெயிலில் சுருண்ட கோழியாக இருந்தால் நிழலுக்குக் கொண்டுபோய்க் கொண்டையையும் காலையும் நனைத்துவிட வேண்டும். அலகைப் பிரித்துத் தண்ணீரை ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தானாகக் குடிக்கும்வரை பக்கத்தில் சட்டியை வைத்துக் காத்திருங்கள்.