கொறங்காடும் கொழுக்கட்டைப் புல்லும்

நெல்லினிடையே முளைத்தால் களையென்று பறித்தெறிவதும், உழாத நிலத்தில் முளைத்தால் அந்நிலத்தையே தரிசென்று ஒதுக்குவதுமாகப் புல்லை அலட்சியம் செய்வதே நமது சாமானிய வழக்கம். ஆயினும் காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில், மழை சொற்பமாகப் பெய்யும் சரளை நிலத்தில், புல்லையே பிரதான விளைவாகக் கருதித் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் குடியானவர்கள் உண்டு. அவர்களுடைய மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர்.

காடென்றவுடன் அடர்ந்த வனமென்று மயங்க வேண்டாம். கொங்கு நாட்டில் புன்செய் நிலத்தையே காடென்பர். சுற்றிலும் முட்கிளுவை உயிர்வேலி. இடையிடையே வெள்வேல மரங்கள். தரையில் கொழுக்கட்டைப் புல். புல் காய்ந்துவிடும் கோடையில் வெள்வேலங்காய்கள் உதிர்ந்து ஆகாரமாகின்றன. அவற்றைத் தின்னும் ஆடுமாடுகள் வித்துக்களைச் சாணத்தோடும் புழுக்கையோடும் பரப்புகின்றன. காங்கயம் மாடுகளின் திடகாத்திரம் இம்மேய்ச்சலில் உருவானதே.

பெரும்பாலான செடிகளுக்கு வளரும் குருத்து நுனியில் இருக்க, புல்லுக்கோ அது தரையை ஒட்டிய அடித்தூரில் ஒளிந்திருப்பதால், மாடு மேலே கடித்தாலும் கீழிருந்து புதிய இலை எழுகிறது. ஆனால் அடியில் சேமித்த சத்தைச் செலவிட்டே அவ்விலை எழுவதால், செலவு ஈடாகுமுன் மீண்டும் மீண்டும் மேய்த்தால் வேர் குறுகித் தூர் மடிந்துபோகும். இந்தத் தத்துவத்தை அனுபவத்தால் அறிந்தே, நிலத்தை வேலியால் பல காடுகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்க்கும்போது மற்றொன்றை ஆறப்போடுகிறார்கள்; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து, இறுகிய மண்ணை இளக்கிப் புல்லைப் புதுப்பிக்கிறார்கள்.

இதே கொழுக்கட்டை இனப் புல் ஒன்று ஆஸ்திரேலியாவுக்குக் கால்நடைத் தீவனமாகக் கொண்டுசெல்லப்பட்டு, அங்குள்ள சுதேசித் தாவரங்களை நெருக்கி, வறண்ட பிரதேசங்களில் காட்டுத்தீயை மூர்க்கமாக்கும் விரோதியாகிவிட்டது. ஆகவே புல்லின் குணம் புல்லில் மாத்திரம் இல்லை. அது வளரும் மண்ணையும், உடன் வாழும் உயிர்களையும், மேய்ப்பவனுடைய நிதானத்தையும் பொறுத்தது. கொறங்காட்டின் வேலி அயலார் மாட்டைத் தடுப்பதற்கு மட்டுமன்று. பசித்து நிற்கும் தன் மாட்டையும், புல் தேறும்வரை படலுக்கு இப்புறமே நிறுத்திவைப்பதற்காகவும் வளர்க்கப்பட்டது.