தேனீக்கு வந்த நோயும் நம் தேன் வியாபாரமும்

மளிகைக் கடையில் தேன் ஒரு சிறு சரக்கு. அரிசி, பருப்பு, எண்ணெய் போல் தினமும் ஓடுவதல்ல. அதனால்தானோ என்னவோ, அது எந்த ஊர்த் தேன், எந்தப் பூவின் தேன் என்று நம்மில் பலர் கேட்பதே இல்லை. 1991-92ல் தென் மாநிலங்களில் நடந்ததை அறிந்தால் கேட்கத் தோன்றும்.

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் வட்டாரத்தில் தேனீ வளர்ப்பு பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் தை, மாசி மாதங்களில் இளந்தளிரின் காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைத்தான் அங்கே தேனீக்கள் பெட்டியில் சேர்க்கின்றன. (ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதல்ல என்பது, அதை விற்கிற நமக்கே புதுச் செய்தியாக இருக்கலாம்.)

அந்தப் பெட்டிகளில்தான் 'தாய்லாந்து சாக்புரூட்' என்னும் வைரஸ் நோய் புகுந்தது. 1976ல் தாய்லாந்தில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். நம் நாட்டுத் தேனீயின் புழு, கூட்டுப்புழுவாக மாறுவதற்கு முன்பே செத்து, நீர் கட்டிய பை போல் ஆகிவிடும். புழு செத்தால் புதுத் தேனீ ஏது? மிஞ்சியவையும் பெட்டியை விட்டுப் பறந்துவிடும். பத்தில் ஒன்பது கூட்டங்களுக்கு மேல் அழிந்தன என்பது கணக்கு. தேன் எடுத்து நமக்குக் கொடுத்தவர்கள் காலிப் பெட்டியோடு நின்றார்கள்.

வைரஸ் ஆகையால் இதற்கு மருந்தில்லை. ஆன்டிபயாடிக் வைத்தால் நோய் தீராது. அது தேனில் தங்கி நம் சரக்கைத்தான் கெடுக்கும். ராணியைச் சில நாள் கூண்டில் அடைத்து முட்டையிடாமல் தடுப்பதும், தப்பிப் பிழைத்த கூட்டங்களிலிருந்து புதுக் கூட்டம் பிரிப்பதுமே கைகண்ட வழிகள். இத்தாலியத் தேனீயையும் பலர் வாங்கி வைத்தார்கள். இந்த நோய் அதை அவ்வளவாகத் தாக்குவதில்லை. ஆனால் அதற்கு உண்ணித் தொல்லை உண்டு. சிறகைச் சுருக்கிவிடும் வேறொரு வைரஸை அந்த உண்ணியே பரப்புகிறது. இத்தனைக்கும் பிறகு மார்த்தாண்டம் தேன் 2023ல் புவிசார் குறியீடு பெற்றது.

தேனீயின் வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. வாடிக்கையாளர் கேட்டால் தைரியமாகச் சொல்லலாம். ரப்பர் தேனும், வடக்கிலிருந்து வரும் கடுகுத் தேனும் சீக்கிரம் உறைந்துவிடும். அதைச் சர்க்கரைக் கலப்படம் என்று எண்ணித் திருப்பி அனுப்பும் வியாபாரிகள் இன்றும் இருக்கிறார்கள். நஷ்டம் பெட்டி வைத்திருப்பவருக்கு. அதே சமயம், நுரைத்து, புளித்த வாடையோடு மூடி உப்பிய டின்னை வாங்க வேண்டியதில்லை. அது ஈரம் மிகுந்த தேன்.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. தேன் காலியான டின், டிரம்களைக் கழுவாமல் கிடங்குக்குப் பின்னால் திறந்து போடாதீர்கள். ஊர்த் தேனீக்கள் மொய்த்து, ஒட்டியிருக்கும் தேனோடு நோயையும் தங்கள் கூட்டுக்கு எடுத்துப் போகக்கூடும். வெந்நீரில் அலசி, மூடி போட்டு வையுங்கள்.